சென்னையில் நினைவு ஊற்று, அயர்லாந்தில் சாபம்! ஒண்ணேகால் வருஷக் கவர்னர் டிரெவெலியன் துரையின் கதை

பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் இருந்து சென்னைக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வேலைதான். பெரிய ஆஸ்பத்திரியில் யாரையாவது சேர்த்திருப்பார்கள். இல்லை என்றால் கோட்டையில் ஒரு மனு. அதுவும் இல்லை என்றால் பாரிமுனையில் கடைச்சரக்கு. எந்த வேலையாகப் போனாலும் சென்ட்ரல் ரெயில் நிலையத்தைப் பார்க்காமல் ஊர் திரும்புகிறவர்கள் குறைவு.

அந்த சென்ட்ரலுக்கும் ரிப்பன் கட்டிடத்துக்கும் நடுவில் சிவப்புச் செங்கல்லில் கோபுரம் வைத்த பழைய கட்டிடம் ஒன்று நிற்கிறது. அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால். அதன் வளாகத்தில் ஒரு நினைவு நீரூற்று இருக்கிறது. பஸ்சில் போகிற கூட்டம் அதைத் திரும்பிப் பார்ப்பது இல்லை.

ஆனால் வானம் பார்த்த பூமிக்காரர்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் கண் கூர்மை. ஊருணிக் கரையில் உட்கார்ந்தால், இதை வெட்டினது யார் என்று கேட்பது இந்தப் பக்கத்து வழக்கம். வெட்டினவர் செத்து நூறு வருஷம் ஆகியிருந்தாலும் ஊர்ப் பெரியவர்கள் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

அதே கேள்வியை சென்னை ஊற்றிடம் கேட்டால் கிடைக்கிற பெயர், சர் சார்லஸ் டிரெவெலியன். 1859-60-ல் சென்னை ராஜதானிக்குக் கவர்னராக இருந்த வெள்ளைக்கார துரை. சாதாரண ஜனங்களுக்கு என்று நகரத்துக்கு நடுவில் பெரிய பூங்கா உண்டாக்கியவர். அவர் நினைவாகத்தான் ஊற்று.

அதே பெயரை அயர்லாந்து தேசத்தில் போய்ச் சொன்னால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறார்கள்! ஒரே ஆளுக்கு இங்கே ஊற்று, அங்கே சாபம். எப்படி?

அந்தக் கதை வருமாறு:-

மேலதிகாரி மீதே புகார்

டிரெவெலியன் பிறந்தது 1807-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி. ஊர், இங்கிலாந்தில் உள்ள டான்டன். அப்பா பாதிரியார். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்துக்குப் பையன்களைத் தயார் பண்ணிய ஹெய்லிபரி கல்லூரியில் படித்துவிட்டு, 1826-ல் வங்காள சர்வீசில் சேர்ந்தார். சீக்கிரமே டெல்லிக்கு அனுப்பினார்கள்.

டெல்லியில் கம்பெனிக்கு அப்போது ரெசிடெண்டாக இருந்தவர் சர் எட்வர்டு கோல்புரூக். வயதிலும் செல்வாக்கிலும் பெரிய ஆள். அவர் கை நீட்டுகிறார் என்று இளைஞர் டிரெவெலியனுக்குத் தெரிய வந்தது. வேறு ஆளாக இருந்தால் நமக்கு ஏன் வம்பு என்று இருந்திருப்பார். வேலைக்குச் சேர்ந்து மூன்று, நாலு வருஷம் கூட ஆகாத இவர், 1829-ல் தன் மேலதிகாரி மீதே மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டுவிட்டார்.

டெல்லியில் இருந்த வெள்ளைக்காரர்களில் பலர் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் பின்வாங்கவில்லை. விசாரணை நடந்தது. புகார் ருசுவாயிற்று. கோல்புரூக் வேலையை விட்டு நீக்கப்பட்டார்.

டிரெவெலியன் பிற்காலத்தில் செய்த நல்லதும் கெட்டதும் இந்த ஒரே குணத்தில் இருந்து வந்தவைதான். தான் நினைத்தது சரி என்று முடிவு கட்டிவிட்டால், எதிரே நிற்பது யார் என்று பார்க்க மாட்டார். எதிரே நிற்பது பசியாக இருந்தாலும் பார்க்க மாட்டார்.

டெல்லியில் புதிதாக எழும்பிய ஒரு பேட்டையில் அகலமான தெரு போடுவதற்கு சொந்தக் கையில் இருந்து பணம் கொடுத்தார். சரக்கு வண்டிகளை வழிக்கு வழி மறித்து வாங்கிய சுங்கம் வியாபாரத்தை எப்படி நசுக்குகிறது என்று நீளமான அறிக்கை எழுதினார். 1836-ல் வங்காளத்தில் அந்த உள்நாட்டுச் சுங்கம் ஒழிந்தது. அருப்புக்கோட்டையில் இருந்து லாரியில் சரக்கு அனுப்பி, டோல்கேட்டுக்கு டோல்கேட் பணம் கட்டுகிறவர்களுக்கு இதன் அருமை புரியும்.

1834 டிசம்பரில் கல்கத்தாவில் கல்யாணம். பெண், ஹன்னா மெக்காலே. இங்கிலீஷ் படிப்பை இங்கே கொண்டு வந்தாரே மெக்காலே துரை, அவருடைய கூடப்பிறந்த தங்கச்சிதான். கல்யாணத்துக்கு முன்பு பெண்ணிடம் பேசுகிற நேரத்திலும் மாப்பிள்ளை நீராவிக் கப்பல், சர்க்கரை வரி, சுதேசிகளின் படிப்பு என்றே பேசிக்கொண்டு இருந்தாராம். மெக்காலே தன் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் கிண்டலாக எழுதி இருக்கிறார்.

இந்திய மொழிகளை எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் எழுத வேண்டும் என்றும் டிரெவெலியனுக்கு ஒரு பித்து இருந்தது. அதற்காகப் பிரசாரமே செய்தார். நல்லவேளை, பலிக்கவில்லை. பலித்திருந்தால் பஸ் போர்டில் இருந்து பத்திரிகை வரை எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்தான் இருந்திருக்கும்!

கஜானா சாவி

1838-ல் சீமைக்குத் திரும்பினார். 1840-ல் லண்டனில் கஜானா இலாகாவுக்கு உதவிச் செயலாளர் ஆனார். பெயரில்தான் உதவி. உண்மையில் அந்த இலாகாவின் நிரந்தர அதிகாரிகளில் அவர்தான் தலை. மந்திரிகள் வந்தார்கள், போனார்கள். டிரெவெலியனின் நாற்காலி மட்டும் 19 வருஷம் அசையவில்லை.

அந்த நாற்காலியில் அவர் இருந்தபோதுதான் அயர்லாந்தில் பஞ்சம் வந்தது.

அயர்லாந்து அப்போது இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தது. ஏழைக் குடியானவர்களுக்கு மூன்று வேளையும் உருளைக்கிழங்குதான் சோறு. 1845-ல் கிழங்குச் செடியில் ஒரு நோய் விழுந்தது. மண்ணைத் தோண்டினால் கிழங்கு கறுத்து, அழுகி, நாற்றம் அடித்தது. மறு வருஷம் வெள்ளாமை ஏறக்குறைய முழுக்கவே போயிற்று. இந்தக் கரிசல் காட்டில் மழை பொய்த்தால் கம்பும் பருத்தியும் காய்ந்துபோகும். அங்கே மழைக்குப் பஞ்சம் இல்லை. பச்சைப் பசேல் என்ற பூமியில் பசி.

நிவாரணப் பணம் ஒவ்வொரு காசும் கஜானா வழியாகத்தான் போக வேண்டும். ஆக சட்டியும் கரண்டியும் டிரெவெலியன் கையில்.

முதல் வருஷம் பீல் என்பவர் பிரதமர். அமெரிக்காவில் இருந்து 1 லட்சம் பவுனுக்கு மக்காச்சோளம் வாங்கச் செய்தார். அரசாங்கக் கிடங்குகளில் வைத்து மலிவு விலைக்கு விற்றார்கள். கஷ்டப்பட்டாலும் ஜனங்கள் உயிர் தப்பினார்கள். 1846 ஜூன் மாதம் பீல் மந்திரிசபை கவிழ்ந்தது. ரசல் பிரதமரானார். நிதி மந்திரியாக வந்தவர் சர் சார்லஸ் வுட். இந்த வுட் துரையை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னைக் கதையிலும் அவர் வருவார்.

கிடங்குக்குப் பூட்டு!

மந்திரிசபை மாறியதும் கிடங்குகளை மூடச் சொல்லி டிரெவெலியன் உத்தரவு போட்டார். வந்துகொண்டிருந்த ஒரு கப்பல் சோளத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன காரணம் இதுதான். அரசாங்கமே தானியம் விற்றால் வியாபாரிகள் கடையைக் கட்டிவிடுவார்கள். சும்மா கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள். விலை ஏறட்டும், ஏறினால் சரக்கு தானாக வரும். புத்தகத்தில் எழுதி வைத்த பொருளாதாரக் கணக்கு இது. விலை ஏறினால் சரக்கு வரும்தான். ஆனால் கையில் காலணா இல்லாதவன் வீட்டுக்கு அது வராது. கடை வைத்திருப்பவர்களுக்கும் இது தெரியும், கடன் சொல்லி வாங்குகிறவர்களுக்கும் இது தெரியும். லண்டன் கஜானாவுக்கு மட்டும் தெரியவில்லை.

சோறு வேண்டுமானால் வேலை செய் என்று ரோடு போடும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். 1847 மார்ச்சில் 7 லட்சம் பேருக்கு மேல் அந்த வேலையில் இருந்தார்கள். பனியில் எலும்பும் தோலுமாகக் கல் உடைத்தார்கள். எந்த ஊருக்கும் போய்ச் சேராத அந்தப் பஞ்ச ரோடுகள் அயர்லாந்து மலைகளில் இன்றைக்கும் கிடக்கின்றன. இங்கே இப்படி என்றால், துறைமுகத்தில் ஓட்ஸ் தானியமும் ஆடு மாடும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிக்கொண்டு இருந்தன.

1847 கோடையில் ஒருவழியாகக் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். உச்சத்தில் ஒரு நாளைக்கு 30 லட்சம் பேர் கஞ்சி குடித்தார்கள். உயிரைக் காத்தது அதுதான். செலவும் குறைவு. ஆனால் சில மாதங்களிலேயே, அந்த வருஷத்து இலையுதிர் காலத்துக்குள், அதையும் மூடிவிட்டார்கள். இனிமேல் உள்ளூர் வரியில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வரி கட்ட வேண்டியவனே பட்டினி!

1848 ஜனவரியில் டிரெவெலியன் ஒரு பெரிய கட்டுரை எழுதினார். பஞ்சம் முடிந்துவிட்ட மாதிரியும், அயர்லாந்தின் பழைய சமூக நோய்க்குக் கடவுள் கொடுத்த கசப்பு மருந்து என்கிற மாதிரியும் அதில் எழுதினார். அதே வருஷம் ஏப்ரலில் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அன்றைக்கும் அயர்லாந்தில் பிணம் விழுவது நிற்கவில்லை.

1841-ல் அந்தத் தேசத்து ஜனத்தொகை 81 லட்சத்து 75 ஆயிரம். 1851 கணக்கெடுப்பில் 65 லட்சத்து 52 ஆயிரம். சுமார் 10 லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். அதற்கும் மேல் ஜனங்கள் அமெரிக்காவுக்கும் மற்ற நாடுகளுக்கும் கப்பல் ஏறினார்கள்.

டிரெவெலியன் தரப்பிலும் வாதம் உண்டு. அவர் மந்திரி அல்ல, அதிகாரி. மந்திரிசபையும் பார்லிமெண்டும் ஒத்துக்கொண்டதைத்தான் செய்தார் என்று சில சரித்திர ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தவர்தான். லஞ்சம் தொடாத கைதான். எல்லாம் சரி. கிடங்கைப் பூட்டச் சொன்ன கடிதத்தில் கையெழுத்து யாருடையது என்றுதான் அயர்லாந்துக்காரர்கள் கேட்கிறார்கள்.

1970-களில் அந்த நாட்டில் ஒரு பாட்டு எழுதினார்கள். பசித்த பிள்ளைக்காக டிரெவெலியனின் சோளத்தைத் திருடிய ஒருவன், கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குத் தீவாந்திரம் போகிற கதை. விளையாட்டு மைதானங்களில் ஆயிரக்கணக்கான பேர் எழுந்து நின்று அதைப் பாடுகிறார்கள். ஒரு அதிகாரியின் பெயர் இப்படிப் பந்தயத்துக்குப் பந்தயம் பாட்டில் வருவது உலகத்தில் வேறு எங்கும் இருக்காது.

சிபாரிசுக்கு வேட்டு

பஞ்சத்துக்குப் பிறகு டிரெவெலியன் கை வைத்தது அரசாங்க உத்தியோகத்தில். அதுவரை இங்கிலாந்தில் குமாஸ்தா வேலை என்றால் பெரிய மனிதர் சிபாரிசுதான். மச்சானுக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று. நார்த்கோட் என்பவரோடு சேர்ந்து டிரெவெலியன் ஒரு அறிக்கை எழுதினார். 1854-ல் வெளியான அந்த அறிக்கை சில பக்கங்கள்தான். பரீட்சை வைத்து ஆள் எடுக்க வேண்டும், திறமையைப் பார்த்துப் பதவி உயர்வு கொடுக்க வேண்டும் என்பதே சாரம்.

சிபாரிசுக்காரர்கள் கொதித்தார்கள். தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாவல் எழுதிய ஆண்டனி டிராலோப், ஒரு நாவலில் டிரெவெலியனை வேறு பெயரில் பாத்திரமாக்கிக் கேலி செய்தார். ஆனாலும் 1855-ல் பரீட்சைக் கமிஷன் வந்தது. இன்றைக்கு அருப்புக்கோட்டை நூலகத்தில் பொது அறிவுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு, குரூப் நாலு பரீட்சைக்குப் படிக்கிற பையனும் பெண்ணும் உட்காருகிற அந்த முறைக்கு விதை போட்டவர்களில் இவரும் ஒருவர்.

சென்னைக்கு வந்தார்

1859 மார்ச் கடைசியில் டிரெவெலியன் சென்னைக் கவர்னராகப் பதவி ஏற்றார். வயது கிட்டத்தட்ட 52. சிப்பாய்க் கலகம் அடங்கி, கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்த நேரம்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. அந்த வருஷமே சென்னை ராஜதானிக்குத் தனி போலீஸ் சட்டம் வந்தது. 1859-ம் ஆண்டின் 24-வது சட்டம். அதற்கு முன்னால் வரி வசூலிக்கிற தாசில்தார் ஆளும், திருடனைப் பிடிக்கிற ஆளும் ஒன்றுதான். வரி கட்டாதவனை வெயிலில் நிற்க வைப்பது, கிட்டி போடுவது எல்லாம் சர்வ சாதாரணம். 1855-ல் சித்திரவதைக் கமிஷன் ஒன்றே வைத்து இதை விசாரித்தார்கள். அந்த நாற்றத்தைக் கழுவத்தான் போலீசையும் வரி வசூலையும் பிரித்தார்கள். போலீஸ் ஸ்டேஷன், இன்ஸ்பெக்டர், சூப்பிரண்டு என்று இப்போது பார்க்கிற ஏற்பாடு அங்கே இருந்து வளர்ந்ததுதான்.

அடுத்தது பூங்கா. சென்னையில் காற்று வாங்க நல்ல இடங்கள் இருந்தன. ஆனால் அவை துரைமார் குதிரை வண்டியில் உலாவுகிற இடங்கள். கருப்பர் நகரம் என்று அவர்கள் பெயர் வைத்த ஜார்ஜ் டவுன் பக்கம் வீட்டை ஒட்டி வீடு, சாக்கடை, காலரா. அந்த ஜனங்களுக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு தோட்டம் வேண்டும் என்று டிரெவெலியன் முனைந்தார்.

அப்படிப் பிறந்ததுதான் பீப்பிள்ஸ் பார்க், அதாவது ஜனங்களின் பூங்கா. பரப்பு 116 ஏக்கர். உள்ளே 11 குளம். ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள். பொதுக் குளியல் இடம், பேண்டு வாத்திய மேடை எல்லாம் அமைந்தன. எழும்பூர் மியூசியத்தில் இருந்த மிருகங்களை 1860-களில் அங்கே கொண்டு வந்தார்கள். மியூசியத்துக்கு செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ் என்றும் சென்னை ஜனங்கள் வைத்த பெயர் ரொம்ப நாள் நிலைத்தது. பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன் என்ற பெயர்களும் அந்தப் பூங்காவில் இருந்து வந்தவைதான். கருப்பர் நகரத்துக்குத் தண்ணீர் வசதி செய்ததிலும் டிரெவெலியன் பெயரைச் சொல்கிறார்கள். சௌகார்பேட்டையில் டிரெவெலியன் பேசின் என்று ஒரு தெருவே உண்டு.

அயர்லாந்தில் சோளக் கிடங்கைப் பூட்டிய அதே கை! இங்கே ஜனங்களுக்குக் குளமும் நிழலும் கொடுத்தது. மனம் மாறிவிட்டாரா என்றால், அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. அயர்லாந்து விஷயத்தில் தான் செய்தது தவறு என்று அவர் கடைசிவரை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

வருமான வரியால் போன வேலை

1860 பிப்ரவரியில் கல்கத்தாவில் இருந்து ஒரு குண்டு விழுந்தது. கலகத்துச் செலவால் இந்திய கஜானா காலி. அதைச் சரிக்கட்ட லண்டனில் இருந்து நிதி மெம்பராக வந்திருந்த ஜேம்ஸ் வில்சன், வருமான வரி போடப் போவதாக அறிவித்தார். வருஷத்துக்கு ரூ.200 முதல் ரூ.500 வரை வருமானம் உள்ளவர்களுக்கு நூற்றுக்கு 2, அதற்கு மேல் நூற்றுக்கு 4. இந்த நாட்டில் வருமான வரியின் முதல் அத்தியாயம் அதுதான்.

டிரெவெலியன் எதிர்த்தார். சென்னை ராஜதானியில் கலகம் நடக்கவில்லையே, கலகம் செய்யாத ஜனங்கள் ஏன் கலகத்துக்கு அபராதம் கட்ட வேண்டும் என்பது ஒரு வாதம். இந்த மாதிரி வரி ஜனங்களுக்குப் பழக்கம் இல்லாதது, கலவரம் வரும் என்பது இன்னொன்று. வரி போடுவதற்குப் பதில் பட்டாளச் செலவைக் குறையுங்கள் என்றும் எழுதினார்.

எழுதியதோடு நிறுத்தியிருந்தால் வேலை தப்பியிருக்கும். மேலிடத்துக்கு எழுதிய அந்தக் காரசாரமான குறிப்பைப் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டார்! கவர்னரே சர்க்கார் வரியை எதிர்க்கிறார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். டெல்லியில் மேலதிகாரி மீது புகார் எழுதிய அதே பொடியன், முப்பது வருஷம் கழித்து கவர்னர் உடுப்பில்.

லண்டனில் இந்தியா மந்திரியாக அப்போது உட்கார்ந்திருந்தவர் யார்? அயர்லாந்துப் பஞ்சத்தில் நிதி மந்திரியாக இருந்து, டிரெவெலியனோடு ஒரே கணக்குப் புத்தகத்தைப் பார்த்த அதே சர் சார்லஸ் வுட். பழைய சிநேகிதம் என்று பார்க்கவில்லை. ஒரு கவர்னர் மேல் சர்க்காரைப் பொதுஜனத்துக்கு முன்னால் எதிர்த்தால் ஆட்சி நடக்காது என்று திரும்பி வரச் சொல்லி உத்தரவு அனுப்பினார். ஆனாலும் டிரெவெலியன் யோக்கியமானவர் என்று பார்லிமெண்டில் பேசத் தவறவில்லை.

1860 ஜூனில் டிரெவெலியன் பதவியை விட்டு இறங்கினார். ஒண்ணேகால் வருஷத்தில் கதை முடிந்தது. அவருக்குப் பதிலாக இலங்கைக் கவர்னராக இருந்த சர் ஹென்றி வார்டு வந்தார். வந்த ஒரு மாதத்துக்குள், ஆகஸ்டு 2-ந் தேதி, காலராவில் சென்னையிலேயே இறந்துபோனார். அதே ஆகஸ்டு 11-ந் தேதி வரி போட்ட வில்சன் துரையும் கல்கத்தாவில் வயிற்றுக் கடுப்பில் காலமானார். வரி மட்டும் உயிரோடு இருந்தது.

அந்த வரிக்கும் டிரெவெலியனுக்கும் கணக்கு அத்தோடு தீரவில்லை. எந்தப் பதவியில் இருந்தவர் தன்னை எதிர்த்து நின்று மல்லுக்கட்டினாரோ, அந்த நிதி மெம்பர் பதவியே டிரெவெலியனைத் தேடி வந்தது. 1863-ல் கல்கத்தாவில் உட்கார்ந்து, நூற்றுக்கு 4 ஆக இருந்த வரியை 3 ஆகக் குறைத்தார். ஐந்து வருஷத்துக்குப் போட்ட சட்டம் 1865-ல் காலாவதி ஆயிற்று. அதை நீட்டவில்லை. அந்த வருஷமே அவரும் சீமைக்குத் திரும்பினார். 

1886 ஜூன் 19-ந் தேதி லண்டனில் இறந்தார். வயது 79. அதே 1886-ல்தான் இந்தியாவில் வருமான வரி நிரந்தரச் சட்டமாக வந்தது. இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்திருக்கிறது, வேடிக்கைதான்.

பூங்கா எங்கே?

ஊற்றைப் பார்க்கப் போகிறவர்கள் பூங்காவைத் தேடினால் ஏமாந்துபோவார்கள். டிரெவெலியன் இறந்த அதே வருஷம் டிசம்பர் 31-ந் தேதி பூங்காவில் நடந்த பொருட்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கான பேர் கருகிச் செத்தார்கள். ஆனால் பூங்காவைத் தின்றது அந்தத் தீ அல்ல, கட்டிடங்கள். முதலில் விக்டோரியா ஹால். 1900-ல் மூர் மார்க்கெட். 1913-ல் ரிப்பன் கட்டிடம். பிற்பாடு விளையாட்டு அரங்கம். 1985 மே 30-ந் தேதி மூர் மார்க்கெட்டும் எரிந்தது. அந்த இடத்தில் ரெயில்வே கட்டிடம் வந்துவிட்டது. உயிர் காலேஜும் 1985-ல் வண்டலூரில் திறந்தாயிற்று. 116 ஏக்கரில் இப்போது மிச்சம் துண்டு துண்டாகச் சில பச்சைதான். ஜனங்களுக்கு என்று விட்ட இடத்தை ஜனங்களின் பெயராலேயே கட்டிடம் கட்டித் தீர்த்துவிட்டார்கள்.

ஊற்று தப்பித்து நிற்கிறது.

ஊற்றுக்குப் பக்கத்தில் கால்வாய்

அதைப் பார்த்துவிட்டுக் கிழக்கே சென்ட்ரல் பக்கம் நடந்தால், புறநகர் ரெயில் நிலையத்துக்கும் பெரிய ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு கறுத்த கால்வாய் ஓடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் தாண்டிப் போவார்கள். அதுதான் பக்கிங்காம் கால்வாய்.

இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பஞ்சம் என்றால் தாது வருஷப் பஞ்சத்தைத்தான் சொல்வார்கள். 1876-ல் மழை பொய்த்து 1878 வரை வாட்டிய பஞ்சம். டிரெவெலியன் அப்போது பதவியில் இல்லை, லண்டனில் இருந்தார். ஆனால் அயர்லாந்தில் அவர் விரித்த அதே கணக்குப் புத்தகம் இங்கேயும் வந்து சேர்ந்தது. தானிய வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது, சும்மா கொடுக்கக் கூடாது, செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும். சென்னைக் கடற்கரையில் மூட்டை மூட்டையாகத் தானியம் அடுக்கிக் கிடக்க, உள்ளூரில் ஜனங்கள் புல்லும் கிழங்கும் தேடி அலைந்தார்கள்.

1877 தொடக்கத்தில் வைசிராய் அனுப்பி சர் ரிச்சர்டு டெம்பிள் வந்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆளுக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், இதைத் தின்று ஒருவன் உயிர் வாழ்வதே கஷ்டம், வேலை எப்படிச் செய்வான் என்று சண்டை போட்டார். சில மாதம் கழித்துத்தான் சென்னை சர்க்கார் கூலியைக் கூட்டியது. அதற்குள் போன உயிர் போனதுதான். அந்தப் பஞ்சத்தில் மொத்தம் 50 லட்சம் பேருக்கு மேல் செத்ததாகக் கணக்கு.

சென்ட்ரல் அருகே ஓடுகிற கால்வாய்ப் பகுதி அதற்கும் முந்தியது. கூவத்துக்குத் தெற்கே அடையாறு வரைக்கும் உள்ள பகுதியைத்தான் 1877-78-ல் பஞ்சத்துக்குப் பிழைக்க வந்த ஜனங்களை வைத்து வெட்டினார்கள். வடக்கும் தெற்கும் ஒன்றாகச் சேர்ந்ததும் முழுக் கால்வாய்க்கும் அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். மண் சுமந்தவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.